தமிழில் ஞானோபதேசம்

கத்தோலிக்க விசுவாசத்தைச் சுருக்கமாக, பெரும்பாலும் வினா விடையாகச் சொல்லித்தரும் நூல் ஞானோபதேசம். அந்தக் கல்வியை இன்று மறைக்கல்வி என்கிறார்கள். விசுவாசப் பிரமாணம், திருவருட்சாதனங்கள், பத்துக் கட்டளைகள், செபம் ஆகிய நான்கும் இதன் அடிப்படை. தமிழ் அச்சின் வரலாறு இத்தகைய நூல்களில்தான் தொடங்குகிறது. ஆனாலும் இவற்றைக் கண்ணால் படித்தவர்களைவிடக் காதால் கேட்டுக் கற்றவர்களே மிகுதி.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். சொல்லித்தரத்தான் ஆளில்லை. 1542இல் வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கேட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் ஊருக்கொரு படி எழுதி வைத்துக்கொண்டார்கள்.

1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஞானோபதேசம் ரோமன் எழுத்தில் அச்சானது. கடற்கரைத் தமிழர்களுக்கு அந்த எழுத்தால் என்ன பயன்? அந்தக் குறையைப் போக்கியவர் அண்டிரிக்கி அடிகளார் என்று தமிழர் அழைத்த மறைபரப்பாளர் என்றிக்கே என்றிக்கஸ். சவேரியாரின் பாடத்தைத் தழுவிய அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம், இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவிய இது, ஆசிரியரும் சீடனும் உரையாடும் விரிவான வினா விடை.

பின்னர் மதுரையில் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி, கற்றோருக்காக ‘ஞானோபதேசம்’ எழுதினார். ஊர்களில் கற்பிக்கும் வேலையைச் சுமந்தவர் உபதேசியார் எனப்பட்ட மறைக்கல்வி ஆசிரியர். ‘சின்னக் குறிப்பிடம்’ போன்ற சிறு புத்தகங்களின் கேள்வி பதில்களை ஒப்பித்துப் புதுநன்மை என்னும் முதல் நற்கருணைக்குத் தயாரான தலைமுறைகள் உண்டு. மனப்பாடத்தைக் கேலிசெய்வது எளிது. ஆனால் ஆண்டில் சில நாள் மட்டுமே குருவைக் கண்ட ஊர்களில் விசுவாசத்தைக் காப்பாற்றியது இந்த ஒப்பித்தல்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் முறை மாறியது. தமிழரான து. ச. அமலோர்பவதாஸ் அடிகளார் 1967இல் பெங்களூரில் உருவான தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர். ஒப்பிப்பதோடு நிற்காமல் வாழ்க்கை அனுபவத்திலிருந்து தொடங்கும் கற்பித்தலை அவர் வலியுறுத்தினார். 1992இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட உலகப் பொது மறைக்கல்வி நூலில் 2,865 பத்திகள் உண்டு. பகுதிகள் பழைய நான்கேதான். உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் நிறுவியது 2021 மே மாதத்தில்.