பயணப் பெட்டியில் வரும் ஈயம்: சமையலறையில் கவனிக்க வேண்டியவை

ஊருக்குப் போய்த் திரும்புவோரின் பெட்டியில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ரசம் வைக்க ஈயச்சொம்பு, வைத்தியர் கொடுத்த மருந்து என ஏதாவது ஒன்று இருக்கும். தேக்கா கடைகளில் வாங்கும் பொருள்களுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு.

சிங்கப்பூர் தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. விற்பனைக்கு வருபவை சிங்கப்பூர் உணவு அமைப்பின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. வீட்டுப் பயன்பாட்டுக்காக நாமே கொண்டுவருவது அப்படி ஆய்வுக்கூடம் வரை போவதில்லை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவில் மேகி நூடல்ஸில் ஈயம் அதிகம் என்று தடை விதிக்கப்பட்டபோது, இங்கு அப்போதிருந்த வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் இந்தியாவிலிருந்து வந்த மேகியைச் சோதித்து, பாதுகாப்பானது என அறிவித்தது. ஆகஸ்ட் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, மறுசோதனைக்கு உத்தரவிட்டது. அதில் தேறிய பின்னர், நவம்பரில் மேகி அங்கு மீண்டும் விற்பனைக்கு வந்தது.

ஏன் கவலை?

உணவில் முக்கியமாகக் கவனிக்கப்படும் கன உலோகங்கள் ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் ஆகிய நான்கு. ஈயத்தில் ‘இவ்வளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் உலோகம் அழியாது.

மஞ்சள்தூள்

பங்ளாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட் என்ற சாயம் சேர்க்கப்பட்டது 2019ல் ஆய்வாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. அரசாங்கம் சோதனைகளைக் கடுமையாக்கியது; வணிகர்களுக்கு அபராதம் விதித்தது. சந்தை மாதிரிகளில் ஈயம் காணப்பட்ட விகிதம் 2019ல் 47 விழுக்காடு, 2021ல் பூஜ்யம்.

சாயம் மஞ்சள் கிழங்கின் மேலும் பூசப்படுவதால், கிழங்காக வாங்கி அரைப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பெயர் அச்சிடப்பட்ட பொட்டலமாக வாங்குவது நல்லது.

ஈயச்சொம்பும் இண்டாலியமும்

தமிழில் ‘ஈயம்’ என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். நஞ்சு காரீயத்தில். காரீயம் விலை மலிவு என்பதால் கலப்படத்துக்கு வாய்ப்புண்டு. பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2025 ஆகஸ்ட் மாதம், இண்டாலியம் எனப்படும் சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் கலக்கலாம் என்று எச்சரித்தது. எதனால் செய்யப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத பாத்திரத்தை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

சோறும் மீனும்

நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக்கை எளிதில் உறிஞ்சும். அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் பாதியளவு வரை குறையும். குக்கரில் தண்ணீர் முழுவதும் சுண்டிவிடுவதால் இந்தப் பலன் கிடைப்பதில்லை. பாட்டி கஞ்சி வடித்ததில் இப்படியும் ஒரு நன்மை இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். ஆனால் சிறு மீன்களைத் தின்று வளரும் சுறா, வாள்மீன் போன்றவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு.

மருந்து

2004ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. சித்த, ஆயுர்வேத முறைகளில் சில பற்பங்களும் செந்தூரங்களும் உலோகங்களைக் கொண்டே தயாரிக்கப்படுகின்றன. மூலப்பொருள்கள் குறிப்பிடப்படாத மருந்தைக் குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ கொடுக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால்

ஈயம் உடலில் சேர்வது பெரும்பாலும் வெளியே தெரியாது. தீராத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தச்சோகை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும். சாப்பிட்ட மருந்து, தூள் எதுவானாலும் அதன் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் வீட்டில் மற்றவர்களையும் காப்பாற்ற முடியும்.