கத்தரின் வொர்லேயின் உருவப்படங்கள்

பிரெஞ்சு அரசதந்திரி தாலேரானை மணந்து பெனெவெந்தோ இளவரசியான கத்தரின் நோயெல் வொர்லேயை, ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளியில் இரு பிரெஞ்சு ஓவியர்கள் தீட்டிய எண்ணெய் வண்ண உருவப்படங்கள் இவை. முதற்படத்தை எலிசபெத் விஜே லெ ப்ரூன் 1783இலும், மற்றதை பிரான்சுவா ஜெரார் 1804-05 அளவிலும் வரைந்தனர். இரண்டும் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

படங்களுக்குரியவர் பிறந்த ஊர் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி. 1761 ஜனவரியில் பிரெஞ்சு வசமிருந்த பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து அதன் கோட்டையும் மாளிகைகளும் இடிக்கப்பட்டிருந்த அப்பத்தாண்டின் தொடக்கத்தில், 1620 முதல் டேனிஷ் வணிகர் வசமிருந்த அவ்வூரில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் மகளாக அவர் பிறந்தார். பிறகு வங்காளத்துச் சந்தன்நகரில் வளர்ந்து, 1777இல், பதின்பருவத்திலேயே, ஆங்கிலேயக் கம்பெனி ஊழியரான ஜார்ஜ் பிரான்சிஸ் கிராண்டுக்கு மணம் செய்விக்கப்பட்டார். மறு ஆண்டு டிசம்பரில், கவர்னர் ஜெனரல் ஆலோசனைக் குழு உறுப்பினரான பிலிப் பிரான்சிஸ் ஏணி வைத்துக் கத்தரினின் வீட்டுக்குள் நுழைந்தது வழக்காகி, கல்கத்தா உச்ச நீதிமன்றம் 1779இல் 50,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. தொகை கணவருக்குச் சென்றது. பழியோ இளம்பெண்ணின் தலையில் விழுந்தது. மணவாழ்வு முறிந்து அவர் ஐரோப்பா சென்றார்.

விஜே லெ ப்ரூன் அரச ஓவியக் கழகத்தில் சேர்க்கப்பட்ட 1783ஆம் ஆண்டிலேயே கத்தரினின் படமும் பாரிஸின் பொதுக் கண்காட்சியான சலோனில் வைக்கப்பட்டது. நீள்வட்ட வடிவிலான அதில், பொன்னிறக் கூந்தலில் நீல நாடா முடிந்த பெண், கையில் இசைத்தாளுடன், பாட்டின் நடுவே நின்றவர்போல் இதழ் சற்றே பிரிய விழிகளை மேலே உயர்த்தியிருக்கிறார். இத்தாலியச் சமய ஓவியங்களில் பரவசமுற்ற புனிதர்களுக்குரிய அப்பார்வையை, ஊர்வாய்க்கு இலக்கான ஒரு பெண்ணுக்கு அளித்ததில் ஓவியரின் துணிவும் பரிவும் ஒருங்கே தெரிகின்றன.

ஜெரார் தூரிகை எடுத்தபோது கத்தரினின் நிலை அடியோடு மாறியிருந்தது. முன்னாள் ஆயரான தாலேரான் மணம் முடிக்கப் போப்பாண்டவர் இசையாத நிலையிலும், நெப்போலியனின் வற்புறுத்தலால் 1802இல் சட்டத் திருமணம் நடந்தது. வெளியுறவு அமைச்சரின் மனைவிக்கேற்ற முழுஉருவப் படத்தில், மார்புக்குக் கீழேயே இடைக்கோடு அமைந்த, எம்பயர் எனப்படும் வெண்ணிற உடையில் அவர் நிமிர்ந்து நிற்கிறார். மேல்நோக்கிய விழிகளுக்கு அங்கே இடமில்லை. இல்லத்தலைவியின் அமைதியே மேலோங்குகிறது.

அவரை அறிவிலி எனக் காட்டும் கதைகள் அக்கால நினைவுக் குறிப்புகளில் ஏராளம். விருந்தாளி ஒருவரை நாவல் நாயகனான ராபின்சன் குரூசோ என்றே எண்ணி, அவரது தோழன் பிரைடேயைப் பற்றி விசாரித்தார் என்பது அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் அந்த விருந்தாளியின் பெயர் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுவதால், அதை வரலாறாகக் கொள்வது முறையாகாது. அவர் தம்மைப் பற்றிச் சொன்னதைவிடப் பிறர் அவரைப் பற்றிச் சொன்னதே மிகுதியாக எஞ்சியிருப்பதால், நேரில் அமர்த்தி வரைந்த இவ்விரு படங்களும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. எனினும் இரண்டிலுமே அவர் பிறந்த கடற்கரையின் சாயல் எதுவும் இல்லை.

விஜே லெ ப்ரூன் படம் கொடையாளர் எட்வர்ட் ஹார்க்னஸின் உயில் வழியாகவும், ஜெரார் படம் 2002இலும் அருங்காட்சியகத்தை அடைந்தன. ஜெரார் 1808இல் வரைந்த தாலேரானின் படமும் 2012இல் அதே தொகுப்பில் சேர்ந்தது.