எண்ணப்படாத வாயு

சிங்கப்பூரில் பகுதிமின்கடத்தித் தொழில் 1968இல் ஒன்றுசேர்ப்பு ஆலைகளோடு தொடங்கிற்று. 1987இல் சார்ட்டர்ட் நிறுவனம் தோன்றியபின், சிலிக்கன் வட்டில் சில்லுகளை உருவாக்கும் பணியும் வேரூன்றியது. வட்டினைச் செதுக்கவும் கலன்களைத் துப்புரவாக்கவும் ஃபுளோரின் சேர்ந்த வாயுக்கள் வேண்டும்.

1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்பாடு ஆறு வகைப் பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கில் கொண்டது. நைட்ரஜன் டிரைஃபுளோரைடு அவற்றுள் இல்லை. ஆலைகளோ, பழைய ஃபுளோரோகார்பன்களுக்கு மாற்றாக அதனையே நாடின. கலனுக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுவது உண்மையே. எனினும், தப்பிச் செல்லும் ஒரு டன், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 16,000 டன் கரியமில வாயுவுக்கு நிகராகும். 2012இல் தோஹாவில்தான் அது பட்டியலேறியது. சிங்கப்பூரில் கரிம வரி 2019இல் வந்தது. இவ்வாயு அதற்குள் அடங்கியது 2024இல். அவ்வாண்டே வரி டன்னுக்கு 5 வெள்ளியிலிருந்து 25 வெள்ளியாயிற்று.

ஆலையின் அறிக்கை பெரும்பாலும் கணிப்பே: பயன்படுத்திய வாயு எவ்வளவு, வினையில் சிதைந்தது எவ்வளவு, அழிப்புக் கருவி நீக்கியது எவ்வளவு என்று கழித்துப் பார்ப்பது. கருவி இயங்காத நாள்களை விட்டுவிட்டால் கணக்குப் பொய்க்கும். வேதியியல் கற்பிக்கும் நாம், ஒரு வாயு பட்டியலுக்குள் வர எடுத்த இவ்வாண்டுகளையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.