0.15-ஆ, 0.21-ஆ? ஒரு சின்ன எஞ்சினின் பெரிய கதை



டெக்சாஸில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பையனிடம் பழைய நைட்ரோ ரிமோட் டிரக் இருக்கிறது. அதில் உள்ள 0.15 எஞ்சினைக் கழற்றிவிட்டு 0.21 போடலாமா, 0.28 போடலாமா என்று நச்சரிக்கிறான். எது சரி?" இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க.

தெரியாதவர்களுக்கு: இது பேட்டரி வண்டி அல்ல. விரல் பருமன்கூட இல்லாத பிஸ்டனோடு ஓடும் நிஜ எஞ்சின். மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடவே உயவுக்கு எண்ணெய். அந்த எண்ணெயில் பல காலமாகச் சேர்ந்து வருவது, நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய்!

0.15 என்பது கன அங்குலக் கணக்கு. ஒரு கன அங்குலம் 16.39 சி.சி. ஆக 0.15 என்றால் ஏறத்தாழ 2.5 சி.சி.; 0.21 என்றால் 3.5 சி.சி. இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் போட்டி விதிகளிலிருந்து. அமெரிக்காவில் மாதிரி விமானப் போட்டிகள் சூடுபிடித்த காலத்தில் எஞ்சின்களை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். ஏ பிரிவுக்கு 0.20 வரை, பி பிரிவுக்கு 0.30 வரை. உடனே கம்பெனிகள் 0.19, 0.29 என்று கோட்டை ஒட்டி எஞ்சின் செய்தன. 35 மார்க் எடுத்தால் பாஸ் என்றால் சரியாக 36 எடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெத்தனால் ஆவி பட்டால் பிளாட்டினக் கம்பிச் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பேட்டரி, காயில் எதுவும் வேண்டாம். பாரம் குறைந்ததும் எஞ்சினும் சிறுத்தது, 0.049 வரை வந்துவிட்டது.

பிறகு கார்கள். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பந்தயக் கார்களுக்கு 3.5 சி.சி. என்று உச்சவரம்பு வைத்தார்கள். இதுதான் முக்கியம். பந்தயக்காரர்களின் பணமும் தயாரிப்பாளர்களின் மூளையும் பல்லாண்டு அந்த 0.21-இலேயே இறங்கின. இன்றும் அந்த அளவில்தான் தேர்வு அதிகம்.

1999-இல் டிராக்ஸஸ் கம்பெனி டி-மேக்ஸ் என்ற மான்ஸ்டர் டிரக்கை 0.15 எஞ்சினோடு விட்டது. நான்கு சக்கர இழுவை, இரண்டு கியர், ரிவர்ஸ் எல்லாம் உண்டு. ஜனங்கள் மயங்கினார்கள். மயங்கிய கையோடு 0.21-ஐத் திணிக்கவும் ஆரம்பித்தார்கள். கொள்ளளவு 40 சதவீதம் கூடுதல். ஆனால் கியர் பெட்டி பழையதே. பற்கள் உதிர்ந்தன, டிஃபரன்ஷியல் நொறுங்கியது. 0.21-இன் உடல் கூடே பெரிது என்பதால் எஞ்சின் தாங்கியையும், சில சமயம் சேஸியையுமே மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சினுக்குக் கொடுத்ததைவிட அதைத் தாங்கும் பாகங்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று ஆனவர்கள் உண்டு.

இதற்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகப் பதில் சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. எச்.பி.ஐ. கம்பெனியின் சாவேஜ் டிரக், 0.21-ஐ மனதில் வைத்தே கட்டப்பட்டது. டிராக்ஸஸோ சின்ன உடல் கூட்டை மாற்றாமல் உள்ளே கொள்ளளவை மட்டும் கூட்டி 3.3 சி.சி. எஞ்சின் செய்தது, அதாவது 0.20. பழைய துளைகளிலேயே உட்காரும். எனக்கு இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

ஆகவே பையனின் வண்டி டி-மேக்ஸ் வகை என்றால், அந்த 3.3-தான் பொருத்தம். சாவேஜ் வகை என்றால் 0.28 போடலாம், பல 0.28 எஞ்சின்கள் 0.21-இன் கூட்டு அளவிலேயே வருகின்றன. பெரிய எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் என்பதால் கிளட்ச் பெல்லில் ஒன்றிரண்டு பல் கூட்டிப் போட வேண்டும். எரிபொருளும் சீக்கிரம் தீரும், அது அப்பாவின் பர்ஸ் சமாச்சாரம்.

2000-களின் கடைசியில் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்து பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டன. 0.21-ஆ 0.28-ஆ என்று சண்டை போட்டவர்கள் இப்போது மூன்று செல்லா நான்கு செல்லா என்று சண்டை போடுகிறார்கள். உதிர்வது அதே கியர் பற்கள்தான்.