தேசிங்கு ராஜாவின் பாக்கி வழக்கு

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜாவின் குதிரைதான் ஞாபகம் வரும். ஆனால் 1714-ல் நடந்த அந்தச் சண்டையின் ஆரம்பம் ஒரு பாக்கிக் கணக்கு! தந்தை சொரூப்சிங் வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கியை ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். தந்தைக்குப் பாதுஷா கொடுத்த ஃபர்மானே போதும் என்பது தேசிங்கின் கட்சி. வாரிசுக்குப் புது உத்தரவு வேண்டும் என்பது நவாபின் கட்சி.

இன்றைக்கென்றால் இது சிவில் வழக்கு. 1908-ம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, வழக்குமூலம் எப்போது எழுந்தது என்று நவாப் பிராதில் எழுத வேண்டும். எதிருரை தாக்கல் செய்யத் தேசிங்குக்கு 30 நாள் உண்டு. பாக்கியைக் குறிப்பாக மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். (பிராது, வக்காலத்து, ஜப்தி எல்லாமே பாரசீக தர்பார் வழி வந்த வார்த்தைகள்தான்.)

தேசிங்கு குதிரை ஏறினார். அக்டோபர் 3-ம் தேதி களத்திலேயே இறந்தார். வயது 22 என்பார்கள்.