அகத்திய மீனும் உலகின் அளவும்

வானத்து மீன்களுள் ஒளியால் இரண்டாவதாக வைத்தெண்ணப்படுவது அகத்தியம். மேனாட்டார் இதனைக் கனோபசு என்பர். மாசி மாதத் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணியளவில் முற்றத்திலே நின்று நோக்குவோர்க்கு இதனை இனங்காணுதல் அரிதன்று. உச்சிக்கு அண்மையில் ஒரே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களை முதலிற் காண்க. அவ்வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால், மீன்கள் யாவற்றினும் ஒளிமிக்க சிரியசை அடையலாம். அங்கிருந்து பார்வையைத் தெற்கே தாழ்த்துக. அப்பக்கத்திலே தனித்து ஒளிர்வதே அகத்தியம்.

எமக்கு எளிதிற் புலனாகும் இம்மீன், வடபால் நாடுகள் பலவற்றில் அடிவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. இவ்வேற்றுமையைக் கொண்டே உலகத்தை அளக்க முயன்றார் ஒரு கிரேக்கர். அவர் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ரோட்சுத் தீவில் வாழ்ந்த பொசிடோனியசு. அவருடைய கணக்கைக் கிளியோமிடிசு என்பார் எழுதிவைத்துள்ளார்.

ரோட்சில் அகத்தியம் அடிவானத்தைத் தொட்டு உடனே மறையும். தெற்கேயுள்ள அலெக்சாந்திரியாவிலோ வட்டத்தின் 48இல் ஒரு பங்கு, அஃதாவது ஏழரைப் பாகை, உயரும் என்றார் அவர். இரு நகர்க்கும் இடைத்தொலைவு 5,000 ஸ்டேடியா எனின், உலகின் சுற்றளவு 240,000 ஸ்டேடியா ஆகும்.

முறை பிழையன்று, அளவைகளே பிழைத்தன. கோண வேறுபாடு உண்மையில் ஏறத்தாழ ஐந்து பாகையே. கடல்வழித் தொலைவோ வெறும் மதிப்பீடு. பொசிடோனியசு கூறியது 180,000 ஸ்டேடியா என்று ஸ்திராபோ எழுதினார். அச்சிறிய எண்ணையே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியும் கைக்கொண்டார். அவரைப் பின்பற்றியோர் நெடுங்காலம் உலகத்தை உண்மையளவினும் சிறிதாகவே எண்ணினர். அளவையில் நேரும் சிறு வழு, பெரியோர் பெயரைச் சார்ந்து நின்றால் எத்துணைக் காலம் வாழும் என்பதற்கு இது சான்று.

இம்முறையை எமது நாட்டிலேயே சோதிக்கலாம். பருத்தித்துறையில் அகத்தியம் ஏறக்குறைய இருபத்தேழரைப் பாகை உயரத்தை எட்டும். தென்கோடியாகிய தேவேந்திரமுனையில் அதனினும் 3.9 பாகை மேலே நிற்கும். இடைத்தொலைவு ஏறத்தாழ 432 கிலோமீற்றர். கணக்கிட்டால் உலகின் சுற்றளவு 40,000 கிலோமீற்றரை அண்மி வரும். அதுவே உண்மை அளவுமாம்.

வடக்கிலும் தெற்கிலுமுள்ள மாணவர்கள் ஓரிரவில் இதனை அளந்து, தம் எண்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிப் பார்ப்பார்களாக.