குழல்வாய்த் தடுப்பி

குழல்வாய்த் தடுப்பி அல்லது மசில் பிரேக் என்பது துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றின் குழல் முனையில் பொருத்தப்பட்டு, சுடும்போது உண்டாகும் பின்னுதைப்பைக் குறைக்கும் கருவியாகும். குண்டைத் தொடர்ந்து குழலில் இருந்து வெளியேறும் வெடிமருந்து வாயுவை இது பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பி விடுகின்றது. பீரங்கிகளில் பரவலாகக் காணப்படும் இக்கருவி, பெரிய விட்டக் குழல் கொண்ட வேட்டை ரைபிள்களிலும் பயன்படுத்தப்படுகின்றது. தோளில் விழும் உதையைக் குறைக்கும் அதே வேளையில், சுடுபவரையும் அருகில் இருப்பவரையும் அடையும் ஓசையை இது கூட்டுகின்றது.

தமிழ்நாட்டில் இத்தகைய பெரிய வேட்டை ரைபிளுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பென்னாகரம் பகுதிக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் ஆகும். இக்கட்டுரையில் வரும் கணக்குகள் அவ்வகை ரைபிளைக் கொண்டே தரப்படுகின்றன.

பின்னுதைப்பு

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டும் வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகின்றது. இதுவே பின்னுதைப்பு எனப்படும். இது இரு பகுதிகளைக் கொண்டது. குண்டு குழலுக்குள் முடுக்கப்படும்போது ஏற்படுவது முதற்பகுதி. குண்டு வெளியேறியதும், உயர் அழுத்த வாயு ஏவுகணையின் பின்புறத்திலிருந்து பீறிடுவது போலக் குழல்வாயில் பீறிடுவதால் ஏற்படுவது இரண்டாம் பகுதி. தடுப்பியால் குறைக்க இயல்வது இந்த இரண்டாம் பகுதியை மட்டுமே.

பென்னாகரம் காடுகளும் .405 ரைபிளும்

பென்னாகரம் தருமபுரி மாவட்டத்தில், ஒகேனக்கல் அருவிக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர். 1965 ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974), பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி, சின்னாறு ஆகிய இடங்களைச் சுற்றிய காடுகளைத் தம் நூல்களில் விரிவாக எழுதியுள்ளார். 1954 இல் வெளிவந்த அவரது முதல் நூலில் முண்டச்சிப்பள்ளம் ஆட்கொல்லிப் புலி பற்றிய கதை இடம்பெற்றுள்ளது. பைரா, ரங்கா ஆகிய உள்ளூர்த் துணைவர்கள் அவரது நூல்களில் அடிக்கடி வருகின்றனர்.

அவர் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் தோட்டா, ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாதிரி நெம்புகோல் ரைபிளுக்காக 1904 இல் அறிமுகமானது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசவெல்ட் 1909 இல் தமது ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தில் இதனைப் பயன்படுத்தியதால் இது புகழ் பெற்றது. கடுமையாக உதைக்கும் ரைபிள் என்பதும் இதன் பெயரோடு சேர்ந்தே வழங்கியது. இவ்வகை ரைபிள்கள் தொழிற்சாலையில் இருந்து தடுப்பி இன்றியே வெளிவந்தன.

ஒரு கணக்கு

.405 தோட்டாவின் குண்டு 19.4 கிராம் எடை உடையது. அது நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றது. இதன் உந்தம் 13.0 அலகுகள் (கிலோகிராம் மீட்டர்/நொடி). வெடிமருந்து 3.5 கிராம் எனவும், வாயுவின் சராசரி வெளியேறு வேகம் நொடிக்கு 1200 மீட்டர் எனவும் கொண்டால், வாயுவின் உந்தம் 4.2 அலகுகள். மொத்தம் 17.2 அலகுகள்.

ரைபிளின் எடை 3.75 கிலோகிராம் எனில், அது நொடிக்குச் சுமார் 4.6 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். இதன் ஆற்றல் ஏறத்தாழ 39 ஜூல். அதே ரைபிளை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருந்து கீழே விட்டால் அது அடையும் ஆற்றலும் இதுவே. இதே முறையில் கணக்கிட்டால், 4 கிலோகிராம் எடையுள்ள .303 படைத்துறை ரைபிளின் உதை சுமார் 16 ஜூல் ஆகும். ஆகவே .405 ரைபிள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக உதைக்கின்றது.

குண்டு வெளியேறிய பின் வாயு தரும் உந்தம் மேற்கண்ட கணக்கில் ஏறத்தாழ 3 அலகுகள். ஒரு தடுப்பி வாயு முழுவதையும் நேர் பக்கவாட்டில் திருப்புமானால் இந்த 3 அலகுகளும் நீங்கும். உதை 39 ஜூலில் இருந்து 27 ஜூலாக, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். வாயுவின் ஒரு பகுதியைப் பின்புறமாகத் திருப்பும் தடுப்பிகள் இதனினும் கூடுதலாகக் குறைக்க வல்லவை. குண்டின் எடையை நோக்க வெடிமருந்து மிகுந்த மேக்னம் வகைத் தோட்டாக்களில் வாயுவின் பங்கு பெரிது. எனவே தடுப்பியின் பயனும் அவற்றில் பெரிது. கனமான குண்டும் மிதமான வேகமும் கொண்ட பழைய தோட்டாக்களில் பயன் சிறிது.

அமைப்பு

தடுப்பி பொதுவாகக் குழல் முனையில் வெட்டப்பட்ட மரையில் திருகிப் பொருத்தப்படும். அதன் உள்துளை குண்டின் விட்டத்தைவிடச் சற்றே பெரியது. பக்கங்களில் வரிசையாகத் துளைகளோ சாய்ந்த தடுப்புச் சுவர்களோ இருக்கும். வாயு இச்சுவர்களில் மோதும்போது அவற்றை முன்னோக்கித் தள்ளுகின்றது. இத்தள்ளு விசை பின்னுதைப்புக்கு எதிராக அமைகின்றது. மேற்புறத் துளைகள் இருப்பின் குழல் மேலெழும்புவதும் குறையும். உள்துளை குழலின் அச்சோடு நேராக அமையாவிடில் குண்டு தடுப்பியின் உட்சுவரில் உரசக்கூடும். இதனால் குறி தவறுவதோடு விபத்தும் நேரலாம்.

ஓசைக் குறைப்பியும் குழல் முனையிலேயே பொருத்தப்படுவதால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. ஓசைக் குறைப்பி வாயுவை அடைத்து மெல்ல வெளிவிடுகின்றது. தடுப்பியோ அதனை உடனே வெளியே திருப்புகின்றது. ஓசையைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிரானவை.

வேட்டையில் நன்மையும் தீமையும்

கடும் உதைக்கு அஞ்சும் ஒருவர், தோட்டா வெடிக்கும் முன்பே கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, விசையை வெடுக்கென இழுத்துவிடுகின்றார். குண்டு குறி தவறி விலங்கு காயத்தோடு தப்புகின்றது. காயம்பட்ட புலியும் சிறுத்தையும் வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமல் ஆட்கொல்லியாக மாறிய நிகழ்வுகளை ஜிம் கார்பெட், ஆண்டர்சன் இருவருமே எழுதியுள்ளனர். 1907 இல் கார்பெட் சுட்ட சம்பாவத்துப் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் பழைய குண்டு ஒன்றினால் உடைந்திருந்தன. எனவே உதையைக் குறைப்பது சுடுபவரின் வசதி மட்டுமன்று. தவறான ஒரு வேட்டின் விலையை ஒரு சிற்றூர் முழுவதும் கொடுக்க நேரிடும்.

மறுபுறம், பெரிய ரைபிளின் வெடியோசை தடுப்பி இன்றியே 160 டெசிபெல் அளவை எட்டும். 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட திடீர் ஓசை செவித்திறனை நிலையாகக் கெடுக்கக் கூடியது. தடுப்பி இவ்வோசையைச் சுடுபவரை நோக்கியும், அதைவிடக் கூடுதலாகப் பக்கத்தில் இருப்பவரை நோக்கியும் திருப்புகின்றது. பயிற்சித் திடலில் காதுக் கவசம் அணிந்து இதனைச் சமாளிக்கலாம். காட்டில் நிலைமை வேறு. இரவில் பரண்மேல் அமர்ந்திருப்பவருக்குக் காதே கண். கடமானின் எச்சரிக்கைக் குரல், குரங்கின் கத்தல், சருகில் மிதிபடும் ஓசை ஆகியவற்றைக் கொண்டே விலங்கின் வருகை அறியப்படும். காயம்பட்ட விலங்கைத் தடம் பார்த்துத் தொடர்வதற்கும் காது வேண்டும். அருகில் நிற்கும் தடம் பார்ப்பவரே பெரும்பாலும் காதுக் கவசம் இல்லாதவராகவும், வாயு பாயும் பக்கத்தில் இருப்பவராகவும் அமைகின்றார். ஆப்பிரிக்காவில் தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் பலர் தடுப்பி பொருத்திய ரைபிள்களை விரும்பாததற்கு இதுவே காரணம்.

தரையில் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்புவது, ரைபிளின் நீளம் கூடுவது ஆகியனவும் இதன் குறைபாடுகளாகும்.

பிற வழிகள்

எடையைக் கூட்டுதல்: உதையின் ஆற்றல் ரைபிளின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். மேற்கண்ட கணக்கில் அரை கிலோகிராம் கூட்டினால் 39 ஜூல் 35 ஜூலாகக் குறையும்.

ரப்பர் மெத்தை: தோளில் படும் கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை பொருத்தினால் ஆற்றல் குறையாது. ஆனால் உதை சற்று நீண்ட நேரத்திலும் அகன்ற பரப்பிலும் பரவுவதால் வலி குறையும்.

கட்டையின் அளவு: சுடுபவரின் கை நீளத்துக்கும் தோளுக்கும் பொருந்தும் கட்டை உதையை நேராக உடலுக்குள் செலுத்தும்.

இம்மூன்றும் எவரது காதையும் பாதிப்பதில்லை.

இந்தியாவில் இன்றைய நிலை

புலி வேட்டை 1970 இல் தடை செய்யப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் விளையாட்டு வேட்டை முடிவுக்கு வந்தது. மனித உயிருக்கு ஆபத்தான புலி, யானை போன்ற விலங்கைக் கொல்வதற்கு மாநிலத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் எழுத்து ஆணை வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014 இல் காவேரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் தடுப்பியின் இன்றைய பயன் படைத்துறை சார்ந்தது. திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான வித்வன்சக் என்னும் கனரக ரைபிள் குழல்வாய்த் தடுப்பி கொண்டது. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் ஆகிய மூன்று குழல் விட்டங்களில் அமையும் இவ்வகை ரைபிள்களை, தடுப்பியும் உதை தாங்கும் அமைப்பும் இன்றி ஒரு மனிதரின் தோளில் வைத்துச் சுடுதல் இயலாது. 1986 இல் இந்தியா வாங்க ஒப்பந்தம் செய்த போபர்ஸ் பீரங்கியின் குழல் முனையில் காணப்படும் துளைகள் நிறைந்த பகுதியும் இத்தகைய தடுப்பியே ஆகும்.